முள்ளுக்கு செலவு பண்ணுங்க, யூஎஸ்பிக்கு இல்ல

வீட்டுல கெடக்குற எல்பி (பெரிய தட்டு), ஈபி (சின்னத் தட்டு), 78 (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய தட்டு) எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சுக்கணும், அதுக்கு எந்த டர்ன்டேபிள் வாங்கலாம்னு நெறைய பேர் எழுதியிருக்கீங்க. ஒரே மாதிரி வந்த கேள்வியெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன், பேரை எடுத்துட்டு ஊரை மட்டும் விட்டிருக்கேன். சிலருக்கு நீளமா பதில் சொல்லியிருக்கேன், சிலருக்கு ரெண்டே வரி, கோச்சுக்காதீங்க.

கேள்வி: அப்பா சேத்து வெச்ச எல்பி ஒரு 200 இருக்கு சார், பாதி சினிமா, பாதி கச்சேரி. ஆன்லைன்ல சூட்கேஸ் மாதிரி மூடுற பிளேயர் ஒண்ணு பாத்தேன், யூஎஸ்பி, ஸ்பீக்கர் எல்லாம் அதுலயே இருக்கு, விலையும் கம்மி. வாங்கிடலாமா? — கும்பகோணம் வாசகர்

பதில்: வேணாம் சார். பாக்க அழகா இருக்கும், மழை நாள்ல ஜன்னல் பக்கத்துல வெச்சு ரெண்டு பாட்டு கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா 200 தட்டை அதுல ஓட்டாதீங்க. அந்த ரகத்துல பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளு மாட்டியிருக்குற, அதோட அசைவை கரண்ட்டா மாத்துற துண்டு) போட்டிருப்பான், முள்ளு தட்டு மேல 5, 6 கிராம் எடையில உக்காரும், அதை கூட்டவோ கொறைக்கவோ வழியே இருக்காது. நல்ல மேக்னட் கார்ட்ரிட்ஜ் 2 கிராம்லயே ஓடிரும். அதுபோக ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள்ள இருக்குறதால அதோட அதிர்வு முள்ளுக்கே திரும்பப் போகும், மோட்டாரும் சின்னது, சுத்துற வேகம் ஆடும். வேகம் ஆடுனா சினிமா பாட்டுல சிலருக்கு தெரியாம போகலாம், கச்சேரி ரெக்கார்டுல தம்புரா சத்தமே காட்டிக் குடுத்துரும். 3 சதவீதம் வேகம் கூடினாலே சுருதி அரை ஸ்வரத்துல பாதி ஏறிப்போகும்.

இப்ப ஒரு கணக்கு போடுங்க. ஒரு எல்பி ரெண்டு பக்கமும் சேத்து 40 நிமிஷம்னு வெச்சா 200 எல்பிக்கு 8000 நிமிஷம், அதாவது 133 மணி நேரம். ரெக்கார்டை கம்ப்யூட்டர்ல ஏத்துறதுல குறுக்கு வழி கிடையாது, அது ஓடுற நேரம் ஓடித்தான் ஆகணும், நடுவுல தொடைக்கணும், திருப்பிப் போடணும், பாட்டு பாட்டா பிரிக்கணும், பேரு அடிக்கணும். தினமும் ரெண்டு தட்டுன்னாலும் 100 நாள் வேலை. இவ்ளோ வேலையை நீங்க ரெண்டாவது தடவை செய்யப்போறதில்ல. அதனால முதல் தடவையே உருப்படியான பிளேயர்ல செஞ்சிருங்க.

உருப்படின்னா என்ன? எனக்கு மூணே விஷயம்தான். முள்ளு நல்லதா இருக்கணும், அதைக் கழட்டி வேற மாட்ட முடியணும், இது முதல். டோன்ஆர்ம் (முள்ளைத் தாங்குற கை) பின்னாடி எடைக்கட்டி இருந்து முள்ளோட எடையை நாமளே வெக்க முடியணும். சுத்துற வேகம் நிக்கணும். யூஎஸ்பி இருக்குறது கடைசி விஷயம், அது இல்லாட்டி தனியா சின்ன பெட்டி வாங்கி சமாளிச்சுக்கலாம். மாவு புளிச்சிருந்தா எந்தக் கல்லுல ஊத்துனாலும் தோசை புளிக்கத்தான் செய்யும், முள்ளு எடுத்துக் குடுக்காத சத்தத்தை எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவராது.

மாடல் சொல்லுங்கன்னு கேப்பீங்க. உங்க கணக்குக்கு நான் சொல்றது ஆடியோ டெக்னிக்காவோட எல்பி 120 எக்ஸ் யூஎஸ்பி. டைரக்ட் டிரைவ், அதாவது மோட்டாரே நேரா சுத்தும், பெல்ட் இழுபடுற கவலை இல்ல, 33, 45, 78 மூணு வேகமும் இருக்கு, உள்ளயே போனோ ப்ரீஆம்ப் (முள்ளுல இருந்து வர்ற சின்ன சத்தத்தை பெருசாக்குறது) இருக்கு, வேணாம்னா பின்னாடி சுவிட்ச்சுல தள்ளி விட்டுக்கலாம், எடைக்கட்டி இருக்கு, யூஎஸ்பியும் இருக்கு. கூட வர்ற கார்ட்ரிட்ஜ் விஎம் 95 இ, நீள்வட்ட முனை. அந்த 95 வரிசையில என்ன வசதின்னா உடம்பு ஒண்ணுதான், முள்ளை மட்டும் உருவிட்டு மேல் ரகம் சொருகிக்கலாம். காசு இருந்தா மைக்ரோலீனியர் முள்ளு ஒண்ணு தனியா வாங்கிக்கோங்க, விலையைக் கேட்டா கொஞ்சம் வலிக்கும், ஆனா உங்க அப்பா இந்தத் தட்டையெல்லாம் பழைய கனமான பிளேயர்ல தேய தேய கேட்டிருப்பாரு, அந்த உருண்டை முள்ளு தேச்ச இடத்தை விட்டுட்டு பள்ளத்துல தேயாத இடத்தை இந்த மெல்லிசு முனை தொடும், சில தட்டுல வித்தியாசம் கேட்டா அசந்துருவீங்க. எல்லா தட்டுலயும் இல்ல, சிலதுல பள்ளமே போயிருக்கும்.

அவ்ளோ பட்ஜெட் இல்லன்னா அதே கம்பெனியோட எல்பி 60 எக்ஸ் யூஎஸ்பி. தானா எடுத்து வெச்சு தானா திரும்பிரும், பெரியவங்க இருக்குற வீட்டுக்கு வசதி. முள்ளு மாத்தலாம், ஆனா கார்ட்ரிட்ஜையே வேற போட முடியாது, எடையும் நம்ம கையில இல்ல, 78 கிடையாது. பத்திருபது தட்டு இருக்குறவங்களுக்கு அது போதும், 200 தட்டுக்கு எல்பி 120 எக்ஸ்தான்.

இன்னொண்ணு, கேக்காததை சொல்றேன். உங்க 200ல சினிமா பாட்டு பாதின்னு சொன்னீங்க, அதுல முக்காவாசி கம்பெனியே மாஸ்டர் டேப்ல இருந்து எடுத்து போன்ல கேக்குற மாதிரி விட்டிருப்பான். அதை கடைசியா வெச்சுக்கோங்க. கதை வசன ரெக்கார்டு, நாடக ரெக்கார்டு, நாதஸ்வரம், கோயில்ல போடுற பக்திப் பாட்டு, அப்பறம் யாருமே மறுபடி வெளியிடாத கச்சேரி, இதை முதல்ல ஏத்துங்க. பாதியில அலுத்துப்போனாலும் அரியது தப்பிச்சிரும்.

கேள்வி: புளூடூத் டர்ன்டேபிள் வாங்கி அப்படியே போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? — ஓசூர் வாசகர்

பதில்: புளூடூத் ஸ்பீக்கர்ல கேக்குறதுக்கு, ஏத்துறதுக்கு இல்ல தம்பி. சத்தத்தை அமுக்கித்தான் காத்துல அனுப்பும், அதுல போனது போனதுதான். சோனி பிஎஸ் எல்எக்ஸ் 310 மாதிரி சிலதுல புளூடூத்தும் இருக்கும் பின்னாடி யூஎஸ்பியும் இருக்கும், அந்த மாதிரி இருந்தா ஏத்தும்போது ஒயரைச் சொருகுங்க.

கேள்வி: தாத்தா காலத்து 78 தட்டு ஒரு பொட்டி நெறைய இருக்குங்க. கடையில கேட்டா எல்லா பிளேயர்லயும் ஓடும்ங்கிறாங்க. நெசமா? எந்த பிளேயர் வாங்கணும்? — மதுரை வாசகர்

பதில்: 78 வேகம் இருக்குறதுல ஓடும், ஆனா பாட்டு சரியா வராது, கரகரப்புதான் ஜாஸ்தி வரும். கடைக்காரர் சொல்றதை நம்பாதீங்க. எல்பியோட பள்ளம் மெல்லிசு, 78ஓட பள்ளம் அகலம். எல்பி முள்ளோட முனை சாதாரணமா 0.7 மில், ஒரு மில்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு. 78க்கு 3 மில் வேணும். எல்பி முள்ளை 78ல வெச்சா அது பள்ளத்தோட அடியில போய் அழுக்குல உருண்டுக்கிட்டு கெடக்கும், பாட்டு இருக்குற சுவத்தை சரியா தொடாது. மேல சொன்ன விஎம் 95 வரிசையிலயே 78க்குன்னு எஸ்பின்னு ஒரு முள்ளு தனியா வருது, அதே பிளேயர்ல மாட்டிக்கலாம், எடை மட்டும் எல்பிக்கு வெக்கிறதைவிட கூட வெக்கணும், டப்பாவுல போட்டிருப்பான் பாத்து வைங்க.

வேகமும் பாக்கணும். இப்ப வர்ற நல்ல நல்ல பிளேயர்லயே 78 இல்லாதது நெறைய. ரேகா பிளானார் 1 அருமையான பிளேயர், ஆனா 33, 45தான். டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 மார்க் 2, டிஜே எல்லாம் உயிரை விடுவாங்களே அது, 1979ல வந்த மாடல், அதுலயும் 78 இல்ல. அதோட இப்ப வர்ற மார்க் 7ல இருக்கு. 78 இல்லாத பிளேயர்தான் இருக்குன்னா 45ல ஓட்டி ஏத்திட்டு ஆடாசிட்டில (ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர்) வேகத்தை 45ல இருந்து 78க்கு மாத்திக்கலாம், அப்படி ஒரு வசதி அதுலயே இருக்கு. அவசரத்துக்கு ஓகே. ஆனா ப்ரீஆம்ப் பண்ற சமன் வேலை எல்லாம் தப்பான சுருதியில நடந்திருக்கும், சத்தத்தோட நெறம் மாறித்தான் வரும்.

அந்த சமன் வேலை என்னன்னா, தட்டு வெட்டும்போது அடி சத்தத்தை கொறைச்சு மேல் சத்தத்தை கூட்டி வெட்டுவாங்க, அடி சத்தத்தை கொறைக்காட்டி பள்ளம் அகலமாகி பாட்டு நேரம் கொறைஞ்சிரும். கேக்கும்போது போனோ ப்ரீஆம்ப் அதை அப்படியே திருப்பிப் போடும். ஆர்ஐஏஏன்னு சொல்றது அந்த அளவைத்தான், 1954ல அமெரிக்காவுல பொதுவாக்குனாங்க. அதுக்கு முன்னாடி கம்பெனிக்கு ஒரு அளவு. உங்க தாத்தா பெட்டியில இருக்குறது பெரும்பாலும் அதுக்கு முந்தினதா இருக்கும், அதனால ஏத்துனதுக்கு அப்பறம் காதால கேட்டு பேஸ், ட்ரெபிளை கொஞ்சம் இழுத்து விட்டுத்தான் சரி பண்ணணும், இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல. ஏத்துனது ஸ்டீரியோவா ரெண்டு சேனல்ல வரும், ரெண்டையும் கூட்டி மோனோ ஆக்கிருங்க. 78ல பாட்டு பக்கவாட்டுலதான் வெட்டியிருக்கும், மேலயும் கீழயும் முள்ளு குதிக்கிறது எல்லாம் வெறும் இரைச்சல், கூட்டும்போது அதுல பெரிய பங்கு தன்னால அடிபட்டு போயிரும். கவர்ல ஸ்டீரியோன்னு போடாத பழைய எல்பிக்கும் இதேதான்.

ரொம்ப முக்கியமா ஒண்ணு. 78 தட்டு அரக்குத் தட்டு. ஸ்பிரிட், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் எதுவும் பட்டா தட்டோட மேல்பூச்சே கரைஞ்சிரும். இணையத்துல ரெக்கார்டு கிளீனிங்னு வர்ற வீடியோவுல பாதி எல்பிக்கு சொல்றது, அதைப் பாத்து இதுல ஊத்திராதீங்க. டிஸ்டில்ட் வாட்டர்ல பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரே சொட்டு, மெல்லிசு துணி, ஒடனே ஈரத்தை ஒத்தி எடுத்துருங்க. கீழ போட்டா கண்ணாடி மாதிரி உடையும், அது உங்களுக்கே தெரியும்.

78ன்னதும் எல்லாரும் பாகவதர் காலத்தோட நின்னுடுறாங்க. இந்தியாவுல அது ரொம்ப நாள் தாக்குப்பிடிச்சுது, மத்த நாட்டுல நிறுத்தின பிறகும் கல்கத்தா டம் டம் ஃபேக்டரில 60கள்ல பீட்டில்ஸ் பாட்டைக்கூட 78ல அடிச்சு வித்தாங்க. அந்தத் தட்டுக்கு இன்னைக்கு வெளிநாட்டு சேகரிப்பாளர்ங்க நடுவுல இருக்குற மவுசே தனி. உங்க பெட்டியை ஒரு தடவை முழுசா பாத்துருங்க.

கேள்வி: சின்னத் தட்டை 45ல போட்டா பாட்டு கீச்சு கீச்சுன்னு கேக்குது, பிளேயர்ல கோளாறா? — திண்டுக்கல் வாசகர்

பதில்: லேபிளைப் பாருங்க. நம்ம ஊர்ல 7 இஞ்ச் தட்டு 33லயும் நெறைய வந்துச்சு, சூப்பர் 7னு போட்டிருக்கும். பிளேயர் மேல தப்பு இல்ல.

கேள்வி: நியூஜெர்சில இருக்குற என் மச்சான் அங்க செகண்ட் ஹேண்ட்ல நல்ல டர்ன்டேபிள் கம்மியா கிடைக்குது, வரும்போது கொண்டு வர்றேங்கிறார். இங்க ஓடுமா? கன்வர்ட்டர் போட்டா போதுமா? — வேலூர் வாசகர்

பதில்: மச்சான்கிட்ட மோட்டார் என்ன ரகம்னு முதல்ல கேக்க சொல்லுங்க. அங்க 120 வோல்ட், இங்க 230, இதுக்கு டிரான்ஸ்பார்மர் போட்டுக்கலாம். ஆனா அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க 50 ஹெர்ட்ஸ், இதை டிரான்ஸ்பார்மர் மாத்தாது. பழைய பெல்ட் பிளேயர் நெறைய நேரா கரண்ட்டோட துடிப்பைப் பாத்து சுத்துற மோட்டார் போட்டது. அது இங்க ஆறுல ஒரு பங்கு மெதுவா சுத்தும், 33 சுத்த வேண்டியது 28 கூட சுத்தாது. 5 கட்டையில பாடின அம்மா 3 கட்டையில பாடுற மாதிரி கேக்கும். பழைய மாடல் சிலதுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி தனியா கிடைக்கும், ஆனா அதைத் தேடி அலையுறதுக்குள்ள புதுசே வாங்கிரலாம்.

அதே சமயம் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ்னா கவலை இல்ல, அது கரண்ட்டோட துடிப்பைப் பாத்து சுத்துறதில்ல, வோல்ட்டேஜ் மட்டும் சரி பண்ணா போதும். 100 டு 240 வோல்ட் அடாப்டர் போட்டு டிசியில ஓடுறதுன்னா அதுக்கும் பிரச்சனை இல்ல. துபாய், சிங்கப்பூர்ல இருந்து வர்றதுக்கு இந்த தொல்லையே கிடையாது, அங்கயும் 50 ஹெர்ட்ஸ்தான். கொண்டு வர்ற வழியில முள்ளைக் கழட்டி தனியா, எடைக்கட்டியைக் கழட்டி தனியா, டோன்ஆர்மை கட்டி வெச்சு, தட்டு சுத்துற பிளாட்டரையும் எடுத்துட்டு பேக் பண்ண சொல்லுங்க. ஏர்போர்ட்ல பெட்டியை எப்படி தூக்கிப் போடுவாங்கன்னு நமக்குத் தெரியாததா.

வந்ததும் வேகத்தை சோதிக்கணும்னா புள்ளி போட்ட வட்ட அட்டை இருக்கு, 50 ஹெர்ட்ஸுக்கு 33 வேகத்துல 180 புள்ளி, பழைய சோக் போட்ட ட்யூப் லைட் வெளிச்சத்துல பாத்தா புள்ளி நின்ன மாதிரி தெரியணும். இப்ப வர்ற எல்இடி பல்ப்ல பல நேரம் இது தெரியாது. அமெரிக்காக்காரன் போட்ட அட்டையை டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்தீங்கன்னா அது 60 ஹெர்ட்ஸ் கணக்கா இருக்கும், பாத்து எடுங்க.

கேள்வி: யூஎஸ்பி இருக்குற டர்ன்டேபிள் நல்லதா, இல்ல யூஎஸ்பி இல்லாத நல்ல டர்ன்டேபிள் வாங்கி தனியா இன்டர்ஃபேஸ் (சத்தத்தை கம்ப்யூட்டருக்கு அனுப்புற பெட்டி) போடுறது நல்லதா? 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ்ல எடுத்தாத்தான் சரின்னு ஒரு நண்பர் அடிச்சு சொல்றார். — சென்னை, மயிலாப்பூர் வாசகர்

பதில்: நண்பர் கொஞ்சம் வேகமா போறார். எல்பியோட மெல்லிசு சத்தத்துக்கும் பலத்த சத்தத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளி நல்ல தட்டுல 60ல இருந்து 70 டெசிபல். 16 பிட்ல 96 டெசிபல் இருக்கு. அதாவது கேக்குறதுக்கு 16 பிட் தாராளம். ஆனா ஏத்தும்போது 24 பிட்டா எடுத்தா ஒரு நிம்மதி, சத்த அளவை கொஞ்சம் கம்மியா வெச்சுட்டீங்கன்னாலும் அப்பறம் தூக்கிக்கலாம், ஒண்ணும் கெடாது. இடம்தான் திங்கும், 24க்கு 96ல நிமிஷத்துக்கு 35 எம்பி, ஒரு எல்பிக்கு கிட்டத்தட்ட 1.4 ஜிபி. 16க்கு 44.1ல அதே எல்பி 420 எம்பி சொச்சம். ஃப்ளாக்ல போட்டா சத்தம் துளி கொறையாம ரெண்டுமே நல்லா சுருங்கும். எம்பி3ஆ மட்டும் வெச்சுக்காதீங்க, ஃப்ளாக்ல மூலத்தை வெச்சுக்கிட்டு காருக்கு போனுக்கு வேணும்னா அதுல இருந்து எம்பி3 எடுத்துக்கோங்க.

யூஎஸ்பி விஷயத்துக்கு வர்றேன். எல்பி 120 எக்ஸ்ல உள்ள இருக்குற யூஎஸ்பி 16 பிட்தான், 44.1 இல்லாட்டி 48 கிலோஹெர்ட்ஸ். அதுலயே எடுத்தா கேக்குற மாதிரி இருக்கும், மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்ககிட்ட ஏற்கெனவே நல்ல டர்ன்டேபிள் இருந்தா யூஎஸ்பிக்காக அதை விக்காதீங்க. பெரிங்கர் யூஎஃப்ஓ 202னு ஒரு சின்னப் பெட்டி, உள்ளங்கை அளவு, அதுலயே போனோ ப்ரீஆம்ப்பும் இருக்கு யூஎஸ்பியும் இருக்கு, 16 பிட். அதுக்கு மேல வேணும்னா நல்ல போனோ ப்ரீஆம்ப் தனியா, ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி 24 பிட் இன்டர்ஃபேஸ் தனியா. மைக்ல பாடுறவங்க, வீட்டுலயே மியூசிக் பண்றவங்க கையில அது பெரும்பாலும் இருக்கும், கடன் வாங்கியே முடிச்சுக்கலாம்.

இதுல ரெண்டு தப்பு சகஜமா நடக்கும். டர்ன்டேபிள் ஒயரை நேரா லேப்டாப்போட மைக் ஓட்டையில சொருகுறது ஒண்ணு. அது பெரும்பாலும் மோனோ, அதுவும் கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்றது 4, 5 மில்லிவோல்ட்தான், ப்ரீஆம்ப் இல்லாம அடி சத்தமே இல்லாம தகரத்தை தட்டுன மாதிரி வரும். ரெண்டாவது, ப்ரீஆம்ப் ரெண்டு தடவை போடுறது. பிளேயர் பின்னாடி சுவிட்ச் லைன்ல (உள்ள இருக்குற ப்ரீஆம்ப் ஓடுற நெலை) இருக்கும், ஒயரை கொண்டுபோய் ஆம்ப்ல போனோன்னு எழுதினதுல சொருகுவாங்க, பாட்டு கிழிஞ்சு கும்கும்னு கேக்கும். அதைக் கேட்டுட்டு தட்டு போயிருச்சுன்னு மூட்டை கட்டினவங்க இருக்காங்க. ஒரு இடத்துல மட்டும் ப்ரீஆம்ப், அவ்ளோதான்.

கேள்வி: எங்க வீட்டுல பழைய எச்எம்வி ஃபியஸ்டா இருக்கு, இன்னும் சுத்துது. அதுல இருந்தே ஏத்த முடியாதா? புது பிளேயர் எதுக்கு? — சேலம் வாசகி

பதில்: முடியும்மா, ஆனா நான் செய்ய மாட்டேன். ஃபியஸ்டா நம்ம ஊர் பாதி வீட்டுல கல்யாணம், வளைகாப்புன்னு எல்லாத்தையும் பாத்த பெட்டி, அதை விக்கவும் வேணாம் தூக்கிப் போடவும் வேணாம். அதுல இருக்குறது செராமிக் கார்ட்ரிட்ஜ், எடை ஜாஸ்தி, இத்தனை வருஷத்துல ரப்பர் எல்லாம் இறுகிப் போயிருக்கும், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் தட்டு கொஞ்சம் தேயும். வேற ரெண்டு தட்டு இருக்குற பாட்டை அதுல போட்டு சந்தோசமா கேளுங்க. ஒண்ணே ஒண்ணு இருக்குற தட்டை அதுல வெக்காதீங்க.

சாவி குடுக்குற கிராமபோன் வெச்சிருக்கவங்களும் எழுதியிருந்தாங்க. அதோட இரும்பு முள்ளை எல்பியில வெச்சா ஒரே ஓட்டத்துல உழுதுரும். அந்தக் கேள்வியே வேணாம்.

கேள்வி: எல்லாம் மாட்டியாச்சு சார், பாட்டு நடுவுல ஊஊம்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. பாட்டு நின்னாலும் நிக்கல. — நாகர்கோவில் வாசகர்

பதில்: பிளேயர் பின்னாடி ஆடியோ ஒயர் கூடவே மெல்லிசா ஒரு ஒயர் தனியா வருதா பாருங்க, அது எர்த். அதை ப்ரீஆம்ப்போட திருகுல மாட்டுங்க. மாட்டியும் வருதுன்னா லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க, பாதி பேருக்கு அதோட தீந்துரும். அப்பவும் போகலைன்னா பிளேயர் பக்கத்துல அடாப்டர், ஸ்டெபிலைசர் ஏதாச்சும் இருக்கான்னு பாத்து தள்ளி வைங்க. வீட்டுல பிளக்குல எர்த்தே இல்லாம இருக்குறதும் உண்டு, அப்படின்னா எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க, அது பாட்டுக்காக மட்டும் இல்ல.

கேள்வி: தட்டுல வெள்ளை வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருக்கு. எப்படி கழுவுறது? குழாய்ல காட்டலாமா? — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: எல்பின்னா கழுவலாம். குழாய்த் தண்ணி வேணாம், அதுவும் போர் தண்ணின்னா சுத்தமா வேணாம், காஞ்சதும் உப்பு பள்ளத்துக்குள்ள உக்காந்துக்கும், அப்பறம் பாட்டு பூரா பட் பட்னு வெடிக்கும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்க. அதுல பாத்திர லிக்விட் ரெண்டு சொட்டு, பூஞ்சை ஜாஸ்தின்னா ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம், எல்பிக்கு மட்டும், மதுரைக்காரருக்கு சொன்னதை மறுபடி படிச்சுக்கோங்க. மெல்லிசு பிரஷ்ல பள்ளத்தோட போக்குலயே சுத்தி சுத்தி தொடைக்கணும், குறுக்க இழுக்கக் கூடாது. அப்பறம் வெறும் டிஸ்டில்ட் வாட்டர்ல ஒரு தடவை அலசி, வெயில் படாத எடத்துல நிக்க வெச்சு காயவிடுங்க. லேபிள் நனைய விடாதீங்க, பழைய கம்பெனி லேபிள் நனைஞ்சா உரிஞ்சு வந்துரும், அப்பறம் அது எந்தத் தட்டுன்னே தெரியாது. பழைய உறையில திரும்ப போட்டா பூஞ்சையும் திரும்ப வந்துரும், உள்ள போடுற உறையை மட்டும் புதுசா வாங்குங்க.

கழுவாம ஏத்திட்டு சாஃப்ட்வேர்ல வெடிப்பை எடுத்துக்கலாம்னு நெனைக்கிறவங்களுக்கு: மிருதங்கத்தோட சாப்பு சத்தத்தையும் வெடிப்புன்னு நெனச்சு அது தேச்சு விட்டுரும்.

கேள்வி: ஆடாசிட்டில எந்த அளவுல வெச்சு ரெக்கார்ட் பண்ணணும்? ஒவ்வொரு பாட்டா நிறுத்தி நிறுத்தி எடுக்கணுமா? — தஞ்சாவூர் வாசகர்

பதில்: நிறுத்தாதீங்க, ஒரு பக்கத்தை முழுசா ஒரே ஓட்டமா எடுங்க. முதல்ல தட்டுல சத்தம் ஜாஸ்தியா இருக்குற இடத்தை ஓட்டிப் பாத்து மீட்டர் மைனஸ் 6 டெசிபல் கிட்ட நிக்கிற மாதிரி வைங்க. 0வை தொட்டுச்சுன்னா உச்சி வெட்டுப்பட்டுரும், அதை அப்பறம் சரி பண்ணவே முடியாது. முடிஞ்சதும் முதல் வேலையா எதையும் தொடாம அப்படியே ஒரு காப்பி சேவ் பண்ணி தனி டிஸ்க்ல போட்டு வைங்க. வெடிப்பு எடுக்குறது, இரைச்சல் கொறைக்கிறது எல்லாம் இன்னொரு காப்பில. அஞ்சு வருஷம் கழிச்சு இதைவிட நல்ல சாஃப்ட்வேர் வரும், அப்ப உங்களுக்கு வேண்டியது அந்த தொடாத காப்பிதான். பாட்டு ஆரம்பிக்கிற எடத்துல கர்சரை வெச்சு கன்ட்ரோல் பி அடிச்சு பேரைப் போட்டுட்டே போனீங்கன்னா கடைசில எல்லா பாட்டையும் ஒரே அடியா தனித்தனி ஃபைலா எடுத்துக்கலாம். இரைச்சல் கொறைக்கிறதை மட்டும் லேசா போடுங்க, ஜாஸ்தி போட்டா பாடுறவர் தண்ணிக்குள்ள இருந்து பாடுவார்.

கவர் ரெண்டு பக்கமும், லேபிளும் போன்ல போட்டோ எடுத்து அதே போல்டர்ல போட்டு வைங்க. பக்கவாத்தியம் யாரு வாசிச்சாங்கன்னு அந்தக் கவர் தவிர வேற எங்கயும் இருக்காது.

கேள்வி: எல்லா எல்பிலயும் ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி பாட்டு மட்டும் சரசரன்னு கேக்குது. ஏன்? — புதுச்சேரி வாசகி

பதில்: தட்டு சுத்துற வேகம் ஒண்ணுதான், ஆனா ஓரத்துல முள்ளுக்கு அடியில நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுது, உள்ள லேபிள் பக்கத்துல வந்தா 21தான். அதே பாட்டை பாதிக்கும் கொறைஞ்ச எடத்துல நெருக்கி எழுதினா எப்படி, அதுதான். உருண்டை முனை முள்ளால அந்த நெருக்கத்தைப் படிக்க முடியாது. நீள்வட்டம் பரவால்ல, மைக்ரோலீனியர்னா இன்னும் நல்லா படிக்கும். முள்ளு மாத்துறதுக்கு முன்னாடி கார்ட்ரிட்ஜ் கோணலா இருக்கான்னு பாருங்க, பிளேயர் கூட வர்ற அளவு அட்டைல ரெண்டு புள்ளி இருக்கும், ரெண்டுலயும் நேரா உக்காரணும். முள்ளோட எடையும் கம்பெனி சொன்ன அளவுக்கு இருக்கணும், கொறைச்சு வெச்சா தட்டு தேயாதுன்னு நெனைக்கிறாங்க, கொறைச்சு வெச்சா முள்ளு பள்ளத்துல குதிச்சு குதிச்சு இன்னும் ஜாஸ்தி கிழிக்கும்.

வைர முள்ளுன்னா சுமார் 500ல இருந்து 1000 மணி நேரம். செகண்ட் ஹேண்ட்ல பிளேயர் வாங்கினா அதுல இருக்குற முள்ளு எவ்ளோ ஓடியிருக்குன்னு விக்கிறவருக்கே தெரியாது, கண்ணை மூடிட்டு புதுசு மாட்டிருங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல இதுதான்னு குடுக்குறது எல்லாம் அது இல்ல, மாடல் நம்பரைப் பாத்து வாங்குங்க.

கேள்வி: ஏத்தினதை யூடியூப்ல போடலாமா? — ஈரோடு வாசகர்

பதில்: சொந்தமா கேக்க எடுத்து வெச்சுக்கிறதுக்கு சட்டத்துல இடம் இருக்கு. ஊருக்கே போடுறது வேற. நம்ம 1957ம் வருஷ காப்பிரைட் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை வெளியானதுக்கு அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம். அது முடிஞ்சிருந்தாலும் பாட்டு எழுதினவர், மெட்டு போட்டவர் உரிமை தனியா ஓடும், அது அவங்க காலத்துக்கு அப்பறமும் 60 வருஷம். பழைய எச்எம்வி தட்டு எல்லாம் போட்ட கிராமபோன் கம்பெனிதான் இன்னைக்கு சரிகம, நீங்க போட்ட அன்னைக்கே கிளைம் வந்து நிக்கும்.

கேள்வி: இவ்ளோ வேலை நமக்கு ஆகாது சார். 100 எல்பி குடுத்தா ரெண்டே நாள்ல பென் டிரைவ்ல ஏத்தித் தர்றேன்னு இங்க ஒரு கடையில சொல்றாங்க, குடுக்கலாமா? — திருநெல்வேலி வாசகர்

பதில்: 100 எல்பி ஓடுறதுக்கு மட்டும் 66 மணி நேரம். ரெண்டு நாளுக்கு 48 மணி நேரம்தான். ஒண்ணு அவங்க நாலஞ்சு பிளேயர் வெச்சு ஒரே நேரத்துல ஓட்டணும், இல்ல உங்க தட்டை ஓட்டாமலே எங்கயோ இருக்குற எம்பி3யை இறக்கித் தரணும். நேர்ல போய் பிளேயரைக் காட்டச் சொல்லுங்க, என்ன கார்ட்ரிட்ஜ், எத்தனை கிராம் எடை, முள்ளு கடைசியா எப்ப மாத்தினீங்கன்னு கேளுங்க. டக்குனு பதில் வந்துச்சுன்னா அஞ்சு தட்டை மட்டும் குடுத்து சோதிங்க, அதுல ஒண்ணு உங்களுக்கு நல்லா தெரிஞ்ச கீறல் இருக்குற தட்டா இருக்கட்டும், பென் டிரைவ்ல அதே எடத்துல அதே கீறல் கேக்குதான்னு பாருங்க.